அப்பாவைப் பார்க்க மாட்டேன் என்கிறான் தங்கை மகன்: நாங்கள்தான் காரணமா?

கேள்வி – செல்லூர் தாய்மாமன்

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை செல்லூரில் வசிக்கிறேன். என் தங்கை தன் கணவரைப் பிரிந்து, 9 வயது மகனுடன் மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். மைத்துனருக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஊர். சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்து ஓட்டுகிறார். விவாகரத்து வழக்கு ஒருபுறம் நடக்க, மகனைத் தன் பொறுப்பில் ஒப்படைக்கக் கோரி அவர் குடும்ப நல நீதிமன்றத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. (காப்பாளர் சட்டத்தின் கீழான) மனு போட்டிருக்கிறார். அது முடியும்வரை, மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 1 மணி வரை நீதிமன்றத்தில் குழந்தைகளுக்கென ஒதுக்கியிருக்கும் அறையில் அவர் பையனைப் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு ஆகியிருக்கிறது.

முதல் இரண்டு சந்திப்புகளில் பையன் உள்ளே போனான். மூன்றாவது முறை அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டான். நான்காவது முறை வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு நகரவே மறுத்தான். மைத்துனர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, வாங்கி வந்த பையை என் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அவருடைய வக்கீல், தாய் வீட்டார் குழந்தையின் மனத்தைத் திட்டமிட்டு மாற்றிவிட்டார்கள், இது பெற்றோரிடமிருந்து அந்நியப்படுத்தும் செயல், எனவே பையனை உடனே தந்தையிடம் மாற்ற வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார். எதிருரை தாக்கல் செய்ய எங்களுக்கு அடுத்த வாய்தா வரை நேரம் இருக்கிறது.

"நாங்கள் ஒன்றுமே சொல்லித் தரவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிடலாம். எங்கள் வக்கீலும் அப்படித்தான் தயாரித்திருக்கிறார். ஆனால் எனக்கு உறுத்துகிற ஒரு செய்தியை இங்கே, பெயரில்லாமல், சொல்லிவிடுகிறேன். மைத்துனர் குடித்துவிட்டு என் தங்கையைக் கை நீட்டி அடித்தது உண்மை. எனக்குத் தெரிந்து இரண்டு முறை. இரண்டுமே ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடிக்கப்பட்டவை. காவல் நிலையத்துக்குப் போகவில்லை. பையனை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. கடைசிச் சண்டை நடந்த இரவில் அவர் சோற்றுத் தட்டை வீசியெறிந்தபோது பையன் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தான் என்று என் தங்கையே சொல்லியிருக்கிறாள். ஆனால் போன மாதம் அவன் தன் நண்பனிடம், "எங்க அப்பா எங்களை அடிச்சு நடுராத்திரியில தெருவுல நிறுத்துனாரு, நாதியத்துப் போய் நின்னோம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். நாதியற்று என்பது 9 வயதுப் பையன் பேசுகிற சொல் அன்று. அது என் தாயாரின் சொல். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் அந்த வாக்கியத்தை அப்படியே சொல்வார். பையன் அருகில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான்.

இன்னொன்று. வருகிற தை மாதம் அவனுக்குக் காது குத்துவதாக இருக்கிறோம். பிரிவினால் தள்ளிப் போய்க்கொண்டே இருந்த காரியம். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் குலதெய்வம் தந்தை வழியைச் சேர்ந்தது, உசிலம்பட்டிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போக வேண்டாம், இங்கேயே ஒரு கோயிலில் முடித்துக்கொள்ளலாம், அவர்களுக்குச் சொல்லவும் வேண்டாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

என் கேள்விகள் மூன்று. பையனே வரமாட்டேன் என்றால் நீதிமன்றம் அதை ஏற்குமா? அந்நியப்படுத்தல் என்று எதை எண்ணுவார்கள்? மூன்றாவதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை: நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமா?


மறுமொழி 1 – கறுப்பு அங்கி (வழக்கறிஞர், மதுரை)

வணக்கம். உங்கள் வழக்கின் கட்டைப் பார்க்காமல் பொதுவாகவே எழுதுகிறேன். உங்கள் வக்கீலின் இடத்தை இது பிடிக்காது.

முதலில், அந்நியப்படுத்தல் என்ற சொல் நம் சட்டங்கள் எதிலும் இல்லை. தந்தையின் மனு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் கீழ் வருவது. இந்துக்களாக இருப்பின் அதனுடன் 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டமும் சேரும். பின்னதன் 13ஆம் பிரிவு, குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. முன்னதன் 17ஆம் பிரிவு, அந்த நலனை எடைபோடும்போது குழந்தையின் வயது, காப்பாளராக வர விரும்புபவரின் குணமும் தகுதியும், அவருக்கும் குழந்தைக்கும் இதுவரை இருந்த உறவு முதலியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவில்தான் உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது: தெளிந்து விருப்பம் தெரிவிக்கும் வயது குழந்தைக்கு வந்திருந்தால் நீதிமன்றம் அந்த விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம். 'கொள்ளலாம்' என்றுதான் இருக்கிறது, 'ஏற்க வேண்டும்' என்று இல்லை. எந்த வயது என்றும் சட்டம் சொல்லவில்லை. நடைமுறையில் நீதிபதி பையனைத் தன் அறைக்கு அழைத்து, இரு தரப்பாரையும் வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவார். என்ன சொல்கிறான் என்பதோடு, எந்தச் சொற்களில் சொல்கிறான் என்பதும் கவனிக்கப்படும். நீங்கள் குறிப்பிட்ட அந்த ஒரு சொல்லை அங்கேயும் அவன் சொன்னால், உங்கள் எதிருரையின் பத்துப் பக்கங்களையும் அது அடித்துவிடும்.

அந்நியப்படுத்தல் என்ற கருத்து உச்ச நீதிமன்றத்தில் விரிவாகப் பேசப்பட்டது 2017ஆம் ஆண்டு விவேக் சிங் எதிர் ரோமானி சிங் வழக்கில். அதில் உங்களுக்கு நேர்மாறான நிலை. சிறு வயது முதல் தந்தை வீட்டில் வளர்ந்த பெண் குழந்தை அங்கேயே இருக்க விரும்பியது. ஆனால் தாயுடன் வாழ்ந்து பார்க்கவே வாய்ப்புக் கிடைக்காத குழந்தையின் விருப்பத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று கருதி, ஓராண்டுக் காலம் தாயிடம் இருந்து பார்க்கட்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் உங்கள் மைத்துனரின் வக்கீல் பேசுவார். உங்கள் தரப்பில் காட்டக்கூடியது 2024 மே மாதத் தீர்ப்பு, கர்னல் ரம்னீஷ் பால் சிங் எதிர் சுகந்தி அகர்வால். அந்நியப்படுத்துகிறார் என்று ஒருவர் மீது அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது, குறிப்பிட்ட செயல்களைச் சுட்டிக் காட்டியாக வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. ஆகவே, "மனத்தை மாற்றிவிட்டார்கள்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் போதாது. எந்த நாள், யார், என்ன செய்தார் என்று தந்தை காட்ட வேண்டும்.

இனி, அப்படிக் காட்டக்கூடிய செயல்கள் எவை? சந்திப்பு நாளில் பையனுக்குக் காய்ச்சல் என்று வரிசையாகச் சீட்டுக் கொடுப்பது, தொலைபேசி எண்ணைத் தடுப்பது, பள்ளியில் தந்தையின் பெயரை நீக்கக் கோருவது, தந்தை கொடுத்த பொருளைத் திருப்பி அனுப்புவது, குடும்பக் காரியங்களை மறைப்பது. இவற்றில் கடைசியை நீங்கள் செய்யப் போவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தக் காதுகுத்து முடிவை மறுபடி யோசியுங்கள். ஒழுக்கம் போதிக்கவில்லை, வழக்கு நடத்துபவனாகச் சொல்கிறேன்.

உங்கள் தங்கை அடி வாங்கியது எதிருரையில் மழுப்பாமல் இடம்பெற வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, தந்தையின் வருகை குழந்தைக்குத் தீங்காகலாம் என்று கருதினால் சந்திப்பையே மறுக்கும் அதிகாரம் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) உண்டு; அவ்வளவு கனமான செய்தி அது. ஆனால் அடி வாங்கியவள் தங்கை, பையன் அல்லன் என்பதையும் அதே பத்தியில் நேர்மையாக எழுதுங்கள். இரண்டையும் கலந்து, பையனையே அடித்ததாகத் தொனிக்க எழுதிவிட்டு, குறுக்கு விசாரணையில் தங்கை தடுமாறினால், உண்மையாக நடந்த அடியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.


மறுமொழி 2 – சனிக்கிழமை அப்பா

நான் அந்த மைத்துனரின் இடத்தில் இருப்பவன், ஆகவே என் எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு விவாகரத்து ஆகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மகளை மாதம் இரண்டு முறை பார்க்கலாம் என்று உத்தரவு கையில் இருக்கிறது. கடந்த ஆண்டில் நான் அவளைப் பார்த்தது நான்கே முறை. ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை தேர்வு, ஒரு முறை உறவினர் வீட்டுத் துக்கம், பல முறை "அவளுக்கு இஷ்டமில்லை". தீபாவளிக்கு ஜவுளிக் கடையில் பாவாடை சட்டை எடுக்கப் போனேன். அளவு கேட்டார் கடைக்காரர். எனக்குத் தெரிந்த கடைசி அளவு 24. அதைச் சொல்லி வாங்கி வந்தேன். அவளுடைய வயதைக் கணக்கிட்டால் அது அவளுக்கு எப்படியும் சேராது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மாற்றப் போகவில்லை, என்ன அளவு என்று சொல்லி மாற்றுவது?

நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு என் விடை: ஆம், அதைத்தான் செய்கிறீர்கள். யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதில்லை. குழந்தை காதில் விழும்படி பேசினால் போதும். தந்தை வாங்கிக் கொடுத்த பையை வீட்டுக்குள் எடுத்துப் போகாமல் வாசலில் வைத்தாலே போதும், அவனுக்குப் புரிந்துவிடும். உங்கள் காலடியில் அவர் வைத்துவிட்டுப் போன பை என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை.

சட்டத்தின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பிரிந்த பின்னும் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையைச் சட்டமாக்கலாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டு தன் 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. பத்தாண்டு கடந்தும் அது காகிதத்திலேயே இருக்கிறது. ஐந்து வயதுக்குப் பிறகு பிள்ளை தந்தைக்குத்தான் என்று சட்டமே சொல்லியிருந்தும் என்னைப் போன்றவர்கள் வராந்தாவில் காத்துக் கிடக்கிறோம்.


மறுமொழி 3 – கறுப்பு அங்கி

மேலே எழுதிய நண்பரின் வலி புரிகிறது. ஆனால் கடைசி வரி பிழை. பலரும் அப்படி நம்பிக்கொண்டு வருவதால் திருத்திவிடுகிறேன். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் தந்தைக்கு மாறிவிடும் என்று சொல்லவில்லை. அதன் பிறகும் நலன் ஒன்றே அளவுகோல். குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று 1973இலேயே ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன வழக்கு.

உங்களுக்கு உத்தரவு கையில் இருக்கிறது, அது மீறப்படுகிறது என்றால் வராந்தாவில் காத்திருப்பது மட்டும் வழியன்று. ஒவ்வொரு முறை சந்திப்பு நடக்காதபோதும் அன்றே நீதிமன்றத்தில் மெமோ (நடந்ததைத் தெரிவிக்கும் குறிப்பு) பதிவு செய்யுங்கள். பிறகு உத்தரவை நிறைவேற்றக் கோரி மனு போடலாம். ஜீவனாம்சத்தை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். "பார்க்க விட்டால்தான் பணம்" என்பதும், "பணம் தந்தால்தான் பார்க்கலாம்" என்பதும் நீதிமன்றத்தில் எடுபடாத வாதங்கள்.


மறுமொழி 4 – மரப்பாச்சி (குழந்தைகள் மனநல ஆலோசகர்)

செல்லூர்ச் சகோதரருக்கு வணக்கம். குழந்தைகளோடு பேசுவதே என் தொழிலாக இருப்பதால் மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் இரு தரப்பாரும் இதை வீசிக்கொள்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் இதை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக முன்வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் அதற்கு இடம் தரவில்லை. உலக சுகாதார நிறுவனமும் தன் பதினோராம் நோய் வகைப்பாட்டின் சொல்லடைவில் சேர்த்திருந்த இச்சொல்லை 2020இல் நீக்கிவிட்டது. வன்முறையைப் பற்றிப் புகார் சொன்ன தாய்மார்களிடமிருந்தே பிள்ளைகளைப் பறிக்க இந்தச் சொல் பயன்படுகிறது என்று 2023இல் ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் எச்சரித்தார். ஆக, இது மருத்துவர் எழுதிக் கொடுக்கக்கூடிய நோயின் பெயர் அன்று. ஆனால் ஒரு குழந்தையை ஒரு பெற்றோருக்கு எதிராகத் திருப்புகிற நடத்தை உலகில் இல்லையென்றும் யாரும் சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றி வழக்கறிஞர் எழுதியதைப் படித்தபோது, நோயைத் தேடாதே, நடத்தையைப் பார் என்பதையே நீதிமன்றமும் சொல்லியிருப்பதாக எனக்குப் பட்டது.

ஒரு குழந்தை தந்தையைப் பார்க்க மறுத்தால் நான் முதலில் பார்ப்பது, அந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை. தானே கண்ட, தானே பட்ட பயமாக இருந்தால் குழந்தை அதைத் துண்டு துண்டாகச் சொல்லும்: தட்டு விழுந்த சத்தம், அம்மா அடுக்களைக் கதவைச் சாத்தியது, தன் வயிறு வலித்தது. முன்பின்னாக இருக்கும், இடையில் அப்பா பரோட்டா வாங்கித் தந்த நல்ல நினைவும் தலை நீட்டும். கேட்டு வாங்கிக்கொண்ட கதையாக இருந்தால் அது வழவழவென்று, தொடக்கமும் முடிவுமாக, பெரியவர் பேச்சாக வரும். அதில் ஒரு நல்ல நினைவுகூட இருக்காது. உங்கள் மருமகன் சொன்னது இரண்டாவது வகை. ஆனால் அவசரப்படாதீர்கள். தூங்கிக்கொண்டிருந்தான் என்று பெரியவர்கள் நம்புகிற குழந்தைகள் பெரும்பாலும் தூங்குவதில்லை. அந்த வீட்டில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் அவன். சொற்கள் பாட்டியுடையவையாக இருக்கலாம், பயம் அவனுடையதாகவும் இருக்கலாம். இரண்டும் கலந்த நிலையைத்தான் நான் மிகுதியாகப் பார்க்கிறேன். அதற்கு ஏற்ற ஒற்றைச் சொல் எந்தத் தரப்பு வக்கீலிடமும் இல்லை.

என்ன செய்யலாம் என்றால், குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மருத்துவர், நல நிபுணர் போன்றோரின் உதவியை நீதிமன்றம் பெற இடம் தருகிறது. நீங்களே முன்வந்து, இரு தரப்புக்கும் பொதுவான ஓர் ஆலோசகரை நியமிக்கக் கேளுங்கள். உங்கள் செலவில் நீங்கள் அழைத்துப் போகும் ஆலோசகரின் அறிக்கைக்கு அந்த மதிப்பு இராது. சந்திப்பை மூன்று மணி நேரத்திலிருந்து முதலில் இருபது, முப்பது நிமிடமாகக் குறைத்து, நாள்களைக் கூட்டும்படி கேட்கலாம். மூன்று மணி நேரம் ஓர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது நல்ல உறவில் இருக்கும் தந்தைக்கும் மகனுக்குமே கடினம். அவர் மது அருந்தாமல் வர வேண்டும், தாயைப் பற்றிக் கேட்கக் கூடாது, "யார் சொல்லித் தந்தது?" என்று விசாரிக்கக் கூடாது என்ற நிபந்தனைகளையும் கேட்டுப் பெறுங்கள், அவை நியாயமானவை. இடைப்பட்ட நாள்களில் காணொளி அழைப்பு உதவும். யஷிதா சாஹு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியிருக்கிறது.

உங்கள் பக்கம் ஒன்றே ஒன்று. பையன் வெளியே வந்ததும் என்ன கேட்கிறீர்கள்? "அப்பா என்ன சொன்னார், அழுதாயா, திட்டினாரா" என்றா? அந்தக் கேள்வியிலேயே எதிர்பார்க்கும் விடை இருக்கிறது. ஒன்றும் கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள்.


மறுமொழி 5 – மேலூர்ப் பெண்

அண்ணா, நான் உங்கள் மருமகனின் இடத்தில் இருந்தவள். இப்போது எனக்கு 26 வயது. என் பத்தாவது வயதில் நீதிபதி ஐயா என்னை அறைக்குள் கூப்பிட்டு, சாக்லேட் கொடுத்து, அப்பாவிடம் போகப் பிரியமா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். வெளியே வந்ததும் மாமா என்னைத் தூக்கிக்கொண்டார். அன்று வீட்டில் கறிக்குழம்பு. வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எல்லாரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். ஆகவே எனக்கு அது கடினமாகவே இல்லை. கடினமாக இருந்தது, முதல் முறை அப்பா கொடுத்த வண்ணப் பென்சில் டப்பா எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைத்து வைப்பதுதான். அதைப் பள்ளிப் பையின் அடியில் வைத்திருந்தேன். வீட்டில் ஒரு நாளும் திறந்ததில்லை.

என்னிடம் யாரும் அப்பாவைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் உண்மை. அவர் கடன் வாங்கினார், அம்மாவின் நகையை அடகு வைத்தார், கேட்டால் கத்தினார். ஆனால் அந்த உண்மைகள் அம்மாவுக்கும் அவருக்கும் இடையில் நடந்தவை. எனக்கும் அவருக்கும் இடையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார வைத்து அழகர்கோயில் கூட்டிப் போனதைச் சொல்லியிருப்பேன்.

21 வயதில் நானாகத் தேடிப் போய்ப் பார்த்தேன். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தேநீர்க் கடையில் சந்திக்கிறோம். பேச அதிகம் இருப்பதில்லை. அவருக்கு நான் என்ன படித்தேன் என்று தெரியாது, எனக்கு அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரியாது. தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று அவர் சொன்னபோதுதான் தெரிந்தது.

போகிறாயா என்று அவனிடம் கேட்காதீர்கள் அண்ணா. பள்ளிக்குப் போகிறாயா என்று கேட்பதில்லை அல்லவா? சனிக்கிழமை போக வேண்டும், மாமா கூட வருகிறேன், முடிந்ததும் கூட்டி வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். முடிவெடுக்கும் வேலையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாலே அவனுக்குப் பாதிப் பாரம் இறங்கும்.


செல்லூர் தாய்மாமன்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை அப்பா கேட்ட பை எங்கள் பரணில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். கிரிக்கெட் மட்டையும், உசிலம்பட்டிக் கடை ஒன்றின் மிக்சர் பொட்டலமும். பொட்டலம் கெட்டுப்போயிருந்தது. மட்டையை எடுத்துக் கூடத்தில் சாய்த்து வைத்தேன். பையன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை, மாலையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான்.

என் தாயாரிடமும் பேசினேன். "நான் பொய்யா சொன்னேன்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேலூர்த் தங்கை எழுதியதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் மகள் அடிபட்டு வந்த இரவை அவர் கண்ணால் பார்த்தவர். பேசாதே என்று நான் சொல்வது அவருக்கு எப்படிக் கேட்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

வழக்கறிஞர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. காதுகுத்து அழைப்பிதழ் அச்சுக்குப் போகத் தயாராக இருக்கிறது. அதில் பையனின் பெயருக்கு முன்னால் என் தங்கையின் முன்னெழுத்தைப் போட்டிருக்கிறோம். தந்தை பெயர் இல்லை. இதனால் ஏதும் வருமா?


கறுப்பு அங்கி

தாயின் முன்னெழுத்தை இடுவது தவறே அன்று. ஆனால் பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் தந்தையின் முன்னெழுத்து இருக்க, வழக்கு நடக்கும்போது அழைப்பிதழில் மட்டும் மாற்றினால், அது எதிர்த்தரப்பின் முதல் சான்றாவணமாக அடுத்த வாய்தாவில் உங்கள் தங்கையின் கையில் கொடுக்கப்பட்டு, "இது உங்கள் வீட்டில் அச்சடித்ததுதானே?" என்று கேட்கப்படும். குறிப்பிட்ட செயலைக் காட்டு என்று உச்ச நீதிமன்றம் கேட்கிறதே, அந்தச் செயலை நீங்களே ஆர்ட் பேப்பரில் அச்சிட்டுக் கொடுத்தது போலாகும்.

பதிவில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். உங்கள் வக்கீல் மூலமாக மைத்துனரின் வக்கீலுக்கு, நாளும் இடமும் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். குலதெய்வக் கோயிலில் வைப்பதா என்பதை இரு வக்கீல்களும் பேசட்டும். உங்கள் தங்கைக்கு அங்கே போக அச்சம் இருந்தால், அதைக் கடிதத்திலேயே சொல்லி, இரு தரப்புப் பெரியவர்கள் உடனிருக்க வேண்டும் என்றோ, பொது இடமான வேறு கோயிலில் வைக்கலாம் என்றோ கேளுங்கள். அவர் வருகிறாரா இல்லையா என்பது அவர் பாடு. எதிருரையில் "ஒன்றுமே சொல்லித் தரவில்லை" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, வீட்டில் பெரியவர்கள் பேசியது பையன் காதில் விழுந்திருக்கிறது, இனி விழாதபடி பார்த்துக்கொள்கிறோம், பொது ஆலோசகரை நியமிக்க எங்களுக்குச் சம்மதம் என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் வக்கீல் தயங்குவார். நான் அவரிடத்தில் இருந்தாலும் ஒரு நாள் தயங்குவேன்.


செல்லூர் தாய்மாமன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எதிருரை நீங்கள் சொன்னபடி தாக்கலானது. பொது ஆலோசகருக்கு அவர்கள் தரப்பும் ஒப்புக்கொண்டது. அழைப்பிதழ் பழைய முன்னெழுத்தோடு அச்சாகிறது. கோயில் எது என்பது இன்னும் முடிவாகவில்லை, மைத்துனர் தரப்பிலிருந்து பதில் வரவில்லை.

நேற்றுச் சந்திப்புக்கு என் தாயார் வரவில்லை. நானும் பையனும் மட்டும் போனோம். தூணருகே சற்று நின்றான். நான் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன். அவனாக உள்ளே போனான். இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்தான். பசிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றான். பேருந்து கோரிப்பாளையம் சிக்னலில் நின்றிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அப்பா வண்டிக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கியிருக்காராம், நீலக் கலரு" என்றான். சரி என்றேன்.